ஷிப்ட் மாறும்போதெல்லாம் ஜெபம் நின்றுபோகிறது, என்ன செய்வது?

கேள்வி: ஸ்தோத்திரம் பாஸ்டர். எனக்கு 38 வயது. வீடு பினாங்கின் பெருநிலப் பக்கம், பிறையில். பாலத்தைத் தாண்டி, தீவிலுள்ள பாயான் லெப்பாசில் ஒரு எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் 12 மணி நேர ஷிப்ட். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு. நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு என்று சுற்றும்; எல்லா ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வு கிடைக்காது. வீட்டுக்காரர் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறார். மகள் படிவம் 1, மகன் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. மாமியார் எங்களோடு இருக்கிறார். ஒவ்வொரு ஜனவரியிலும் புது நோட்டு வாங்கி, காலை 4.30-க்கு அலாரம் வைத்து ஜெபத்தை ஆரம்பிப்பேன். இரவு ஷிப்ட் வந்ததும் நின்றுவிடும். வேத வாசிப்பு அட்டவணை லேவியராகமத்தைத் தாண்டியதே இல்லை. மாமியார் 9 மணிக்குக் குடும்ப ஜெபம் வைத்தால் எனக்குக் கண் சொக்குகிறது. கூட வேலை செய்யும் மலாய்ப் பெண்கள் நேரம் தவறாமல் சுராவுக்கு (தொழுகை அறைக்கு) போய்த் தொழுதுவிட்டு வருகிறார்கள். பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. "ஜெபிக்காத தாயின் பிள்ளைகளைப் பிசாசு சும்மா விடுமா?" என்று சபையில் ஒரு சகோதரி கேட்டுவிட்டார். அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் வருவதில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை. என் விசுவாசம் குறைந்துவிட்டதா? இப்படிப்பட்ட வாழ்க்கையில் விடாமல் ஜெபிக்க வழி உண்டா?

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

விசுவாசம் குறைந்துவிட்டதா என்ற கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மீதியை நீங்கள் நிம்மதியாகப் படிக்கமாட்டீர்கள். குறையவில்லை. ஆசை அற்றுப்போனவர் வருஷா வருஷம் கடைக்குப் போய் நோட்டு வாங்கிக்கொண்டிருக்க மாட்டார். பிசாசைப் பற்றிக் கேட்ட அந்தச் சகோதரியின் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் குத்தியது அந்த 4.30 அலாரம். பகல் ஷிப்ட் வாரத்தில் அது சரிதான். ஐந்து மணிக்கு எழ வேண்டியவர் அரை மணி முன்னால் எழுகிறார், அவ்வளவுதான். இரவு ஷிப்டில் அதே 4.30-க்கு நீங்கள் லைனில் நிற்கிறீர்கள். ஓய்வு நாளில் அதே 4.30-க்கு, இது இரவா பகலா என்று உடம்புக்கே விளங்காமல் கிடக்கிறீர்கள். கிழமையும் உங்களுக்குத் துணைக்கு வராது. "செவ்வாய் பிள்ளைகளுக்காக, புதன் ஊழியங்களுக்காக" என்று அட்டவணை போட்டால், இந்தச் செவ்வாய் போர்த்திக்கொண்டு தூங்குவீர்கள், அடுத்த செவ்வாய் பாலத்தில் இருப்பீர்கள். எட்டு மணிக்குப் போய் ஐந்து மணிக்கு வருகிறவர்களுக்காகச் சொல்லப்பட்ட யோசனையை எடுத்து இத்தனை வருஷம் முட்டி மோதியிருக்கிறீர்கள்.

நான் சொல்லப்போவது ஒன்றே ஒன்று. ஜெபத்தை மணியோடு கட்டாதீர்கள். ஷிப்ட் மாறினாலும் மாறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு கட்டுங்கள். ஆணி இறங்காத சுவரிலேயே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்காமல், இறங்குகிற இடத்தைப் பார்த்து அடிப்பதுதான் புத்தி.

அப்படி என்ன இருக்கிறது உங்கள் நாளில்? பகலோ இரவோ, ஃபேக்டரி பஸ் வருகிறது. பகலோ இரவோ, பினாங்குப் பாலத்தைத் தாண்டுகிறீர்கள். உள்ளே போனதும் உடை மாற்றுகிறீர்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறீர்கள். எப்போதாவது ஒரு நேரத்தில் படுக்கிறீர்கள். இவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: பாலம், படுக்கை. இரண்டு போதும்.

இதைச் சொன்னால் உடனே ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். "ஆண்டவரே அதிகாலையில் எழுந்து ஜெபித்தாரே?" மாற்கு முதல் அதிகாரம், 35-ஆம் வசனம். ஆமாம், இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார். அதே ஆண்டவர் ஜனங்களை அனுப்பிவிட்டுச் சாயங்காலத்தில் மலைமேல் ஏறித் தனியாக ஜெபித்ததை மத்தேயு 14 சொல்கிறது. பன்னிரண்டு பேரைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் இரவு முழுக்க ஜெபித்தார் என்கிறது லூக்கா 6. இன்னொரு நாள் படகில் தலையணை வைத்து, புயலுக்கும் எழாமல் தூங்கினார். அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு மத்தியானம் மேல்வீட்டில் ஜெபிக்க ஏறினார். நடுவில் பசி வந்துவிட்டது. பவுலும் சீலாவும் நடுராத்திரியில் சிறைச்சாலையில் ஜெபித்தார்கள். வேதத்தில் ஜெபத்துக்கு ஒதுக்கப்படாத மணி என்று ஒன்றைத் தேடினால் கிடைக்காது. அதிகாலை நல்ல நேரம்தான், எனக்கும் பிடித்த நேரம்தான். ஆனால் 12 மணி நேரம் நின்று வேலை பார்க்கும் இரண்டு பிள்ளைகளின் தாய்க்கு அதைக் கட்டளையாக்க எனக்கு வசனம் கிடைக்கவில்லை. மாறாக 127-ஆம் சங்கீதத்தின் இரண்டாம் வசனம் அதிகாலையில் எழுந்து அல்லாடுவதை வீண் என்று சொல்லிவிட்டு, "அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்" என்று முடிக்கிறது. இந்த வசனத்தை விடியற்கால ஜெபக் கூட்ட அறிவிப்பில் யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் பேரையும் இழுப்பார்கள். நாலு மணிக்கு எழுந்தார், உண்மை. சீக்கிரமே படுத்துவிடுவார் என்பதையும், அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லமாட்டார்கள். அவரே ஒரு பிரசங்கத்தில், ஆரோக்கியமான ஆணுக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேலும், பெண்ணுக்கு ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேலும் தூக்கம் வேண்டும் என்று கணக்குச் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு அந்த ஏழு கிடைக்கிறதா? எனக்குச் சந்தேகம்தான்.

சரி, பாலத்துக்கு வருவோம். தீவுக்குப் போகும்போது பிறைப் பக்கத்தில் டோல் இருக்கிறது. பஸ் அதைத் தாண்டியதும் ஆரம்பியுங்கள். கடலைத் தாண்டி தீவில் இறங்கியதும் முடித்துக்கொள்ளுங்கள். பாலம் மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் தண்ணீருக்கு மேல். நெரிசல் இல்லாவிட்டால் பத்துப் பதினைந்து நிமிஷம். நெரிசல் இருந்தால், இருக்கட்டும், அன்றைக்கு ஜெபத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

டோல் தாண்டியதும் 121-ஆம் சங்கீதம். எட்டே வசனம். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." இரவு ஷிப்டுக்குப் போகும் சாயங்காலத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள், பினாங்கு மலை முன்னாலேயே நிற்கும், வெயில் அதன் பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும். பகல் ஷிப்டுக்குப் போகும்போது இன்னும் விடிந்திருக்காது, மலை தெரியாது, கரையோர விளக்குகள் மட்டும் தெரியும். அப்போதும் அதே சங்கீதம்தான். பகலில் வெயிலும் இரவில் நிலவும் உன்னைச் சேதப்படுத்துவதில்லை என்று அதிலேயே இரண்டு ஷிப்டும் வருகிறது. காக்கிறவர் "உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை" என்ற வரி, உங்களுக்குத் தூக்கம் வரும் நேரத்தில் நன்றாகவே கேட்கும். சங்கீதம் முடிந்ததும் வீட்டில் உள்ளவர்களைப் பேர் சொல்லி ஒப்புக்கொடுங்கள். பிறகு வெளியே உள்ளவர்களில் மூன்று பேர். கடைசியில் பரமண்டல ஜெபம். அவ்வளவுதான். அதற்குள் பஸ் தீவில் இறங்கியிருக்கும்.

சத்தம் போட வேண்டியதில்லை. கண்ணை மூடினாலும் சரி, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி. அன்னாளும் உதடு மாத்திரம் அசைய, சத்தம் வராமல்தான் ஜெபித்தாள். ஏலி ஆசாரியன் அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். பக்கத்து சீட்டுக்காரி ஏதாவது நினைத்தாலும் உங்களுக்கு நல்ல துணை இருக்கிறது.

திரும்பி வரும்போது? தூங்குங்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வரும் பயணத்தில் இன்னொரு கடமையை ஏற்றாதீர்கள். உங்கள் வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டு லாரியில் முயல்வதாக இருந்தால், கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்கச் சொல்லுங்கள்.

இப்போது சுராவு விஷயம். வெட்கப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வெட்கத்தை விட்டுவிட்டு அங்கே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அந்தப் பெண்களுக்கு வேளை குறிக்கப்பட்டிருக்கிறது, ஃபேக்டரிக்குள்ளேயே இடமும் இருக்கிறது. கை கால் கழுவுகிறார்கள், தெலெக்கோங் என்ற தொழுகை அங்கியைப் போடுகிறார்கள், விரிப்பில் நிற்கிறார்கள். என்ன சொல்லப்போகிறோம் என்று யோசிப்பதில்லை. வார்த்தைகள் சின்ன வயதிலேயே மனப்பாடம். அன்றைக்கு மனநிலை எப்படி இருந்தாலும் உடம்பு அந்த வழியில் போய்விடுகிறது. உங்களுக்கோ ஒவ்வொரு முறையும் நேரத்தையும் தேட வேண்டும், இடத்தையும் தேட வேண்டும், போய் உட்கார்ந்ததும் வார்த்தையையும் தேட வேண்டும். களைத்தவருக்கு இந்த மூன்று தேடலும் அதிகம். இதற்கும் பக்தியின் அளவுக்கும் சம்பந்தமில்லை.

நம்மவர்களில் பலருக்கு மனப்பாட ஜெபம் என்றாலே ஒரு இளக்காரம் உண்டு. ஆவியில் நிறைந்து, சொந்த வார்த்தையில், கண்ணீரோடு ஜெபித்தால்தான் ஜெபம் என்று வளர்ந்திருக்கிறோம். அப்படி ஜெபிக்கிற நாட்களுக்காக ஸ்தோத்திரம். ஆனால் ஆதித் திருச்சபை அதை மட்டும் நம்பியிருக்கவில்லை. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட திதாகே என்ற போதனை நூல், பரமண்டல ஜெபத்தை நாளுக்கு மூன்று தரம் சொல்லுங்கள் என்று விசுவாசிகளுக்குச் சொல்கிறது. தானியேலும் மூன்று வேளை முழங்கால் போட்டார். அந்திசந்தி மத்தியானம் முறையிடுவேன் என்கிறது 55-ஆம் சங்கீதம். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலுக்குப் போகும் கத்தோலிக்கச் சிநேகிதி யாராவது இருந்தால் திரிகால ஜெபத்தைப் பற்றிக் கேளுங்கள். காலை, மத்தியானம், மாலை, மூன்று வேளையும் அதே வார்த்தைகள். "வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று ஆண்டவர் எச்சரித்தது உண்மை. அதைச் சொன்ன கையோடுதான் பரமண்டல ஜெபத்தையும் கற்றுக்கொடுத்தார் என்பதைப் பார்த்தால் பயம் தீரும். சொந்த வார்த்தை வருகிற நாளில் அது தானாக நடுவில் புகுந்துவிடும். வராத நாளில் சங்கீதக்காரனின் வார்த்தையை வாங்கிக்கொள்ளுங்கள்.

சங்கீதத்தைப் போனில் திறக்காதீர்கள். வேதாகமச் செயலியைத் திறக்கப் போன கை வாட்ஸ்அப்பில் போய் நிற்கும், சபை குரூப்பில் நாற்பது குட்மார்னிங் காத்திருக்கும். ஒரு சின்ன அட்டையில் உங்கள் கையால் எழுதி, டச் அண்ட் கோ கார்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் அட்டை தேவைப்படாது. ஜெபக் குறிப்புகளும் அப்படித்தான். குரூப்பில் வரும் எல்லாப் பேரையும் தினமும் சுமக்க யாராலும் முடியாது. நோட்டில் வரிசையாக எழுதி வையுங்கள், பாலத்தில் மூன்று பேர், நாளை விட்ட இடத்திலிருந்து அடுத்த மூன்று பேர்.

படுக்கைக்கு வருகிறேன். இது வேலை நாள், ஓய்வு நாள் எல்லாவற்றுக்கும் பொது, அதனால் இதுதான் இரண்டில் உறுதியானது. காலை எட்டரைக்குத் திரையை இழுத்துவிட்டுப் படுத்தாலும் சரி, இரவு பத்துக்குப் படுத்தாலும் சரி, தலையணையில் தலை பட்டதும் நான்காம் சங்கீதத்தின் கடைசி வசனம்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன், கர்த்தாவே, நீர் ஒருவரே என்னைச் சுகமாய்த் தங்கப்பண்ணுகிறீர்." அதோடு அன்றைக்கு நடந்ததில் ஒரு நன்றி, ஒரு மன்னிப்பு. பாதியில் தூங்கிப்போனால் தூங்கிப்போங்கள். அம்மா மடியில் பேசிக்கொண்டே தூங்கிவிட்ட பிள்ளையை எந்தத் தாயும் எழுப்பி, "மீதியைச் சொல்" என்று கேட்பதில்லை. முழங்காலில் நின்றே ஜெபிக்க வேண்டும் என்று உங்களுக்குள் ஒரு குரல் சொல்லும். ஓய்வு நாளில் நில்லுங்கள்.

உடை மாற்றும் இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தூசு புகக் கூடாத கிளீன்ரூமில் வேலை செய்யும் சபைப் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். முடிவலை, மாஸ்க், அதன்மேல் தலைமூடி, கழுத்துவரை ஜிப் ஏற்றிய வெள்ளை உடை, பூட்ஸ், கடைசியில் கையுறை. பிறகு ஏர் ஷவர். கதவு சாத்தியதும் நாலாபக்கமும் காற்று அடிக்கும், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுத் திரும்ப வேண்டும். ஆராதனையில் கையை உயர்த்தச் சொன்னால் கூச்சப்படுகிறவர்கள்கூட அங்கே உயர்த்திவிடுகிறார்கள். உங்கள் இடத்திலும் இது இருந்தால் அந்தச் சில விநாடியைச் சும்மா விடாதீர்கள். இரவு ஷிப்டில் அதற்கென்றே ஒரு சங்கீதம் இருக்கிறது, 134. மூன்றே வசனம், இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கிறவர்களைப் பார்த்து, கைகளை எடுத்து அவரை ஸ்தோத்திரியுங்கள் என்று சொல்கிறது. ஆலயத்தில் அன்றைக்கும் இரவு ஷிப்ட் இருந்திருக்கிறது. ஆனால் இதை மூன்றாவது கடமையாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். நினைவு வந்தால் செய்யுங்கள், வராவிட்டால் போகட்டும். நெகேமியா ராஜாவுக்குப் பதில் சொல்வதற்கு முந்தின ஒரு மூச்சில் ஜெபித்தார், அதுவும் ஜெபம்தான்.

எத்தனை நாளில் பழக்கமாகும் என்று கேட்பீர்கள். 21 நாள் என்று எல்லாரும் சொல்வதை நம்பாதீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 96 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2010-இல் அச்சில் வந்தது. ஒவ்வொருவரும் ஒரு சின்னக் காரியத்தை, காலை உணவுக்குப் பிறகு என்பதைப் போல நாளில் ஒரு முறை நடக்கும் ஒன்றோடு சேர்த்துச் செய்தார்கள். அது தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிது, 18 நாளிலிருந்து 254 நாள் வரை என்று மதிப்பிட்டார்கள். உங்களுக்கு முக்கியமானது இன்னொன்று: நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெட்டுவிடவில்லை. நீங்களோ ஒரு நாள் தவறினால் அந்த மாதத்தையே மூடிவிடுகிறீர்கள், லேவியராகமம் சாட்சி. நாள் தவறினால் அடுத்த நாள் டோலில் ஆரம்பியுங்கள், விட்டதைச் சேர்த்து இரண்டு மடங்காகச் செய்யப் பார்க்க வேண்டாம். வேத வாசிப்பு அட்டவணையைக் கொஞ்ச நாளைக்கு ஒத்திப்போடுங்கள். ஓய்வு நாளில், பிள்ளைகள் பள்ளிக்குப் போனபிறகு, கோப்பி குடிக்கும் நேரத்தில் மாற்கு சுவிசேஷத்தில் ஒரு பகுதியைப் படித்தால் போதும். பதினாறே அதிகாரம், லேவியராகமத்தைவிடச் சீக்கிரம் முடியும்.

மாமியாரின் 9 மணி ஜெபம். இதில் நான் மாமியார் பக்கம். அந்த வீட்டில் மணியோடு கட்டிய ஜெபத்தை நடத்தக்கூடியவர் அவர் ஒருவர்தான், அவருக்கு ஷிப்ட் இல்லை. உங்கள் பிள்ளைகள் தினமும் ஜெபத்தைப் பார்த்து வளர்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் அவர். ஆகவே நிறுத்தச் சொல்லாதீர்கள். நீளத்தை மட்டும் பேசிப் பாருங்கள். "அத்தை, பிள்ளைகளுக்குக் கண் சொக்குகிறது, பாட்டையும் வசனத்தையும் அவர்களைச் சொல்ல வைத்து, நீங்கள் கடைசியில் ஜெபித்து முடித்துவிடுங்களேன்" என்று கேட்டால், பேரப்பிள்ளைகளுக்காக என்பதால் சம்மதிப்பார் என்றே நினைக்கிறேன். சின்னவன் ஒரு வசனம் வாசிக்கட்டும், பெரியவள் யாருக்காவது ஜெபிக்கட்டும். இரவு ஷிப்ட் வாரங்களில் 9 மணிக்கு நீங்கள் லைனில் இருப்பீர்கள். "அந்த நேரத்தில் என் பேரைச் சொல்லி ஜெபியுங்கள் அத்தை" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அந்த வாரங்களில் வீட்டு ஜெபத்தில் நீங்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பகல் ஷிப்ட் வாரத்தில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டாலும் தலைகுனிய வேண்டாம். கெத்செமனேயில் சீஷர்கள் தூங்கினார்கள். ஆண்டவர் கேள்வி கேட்டார், உண்மைதான், ஆனால் "மாம்சமோ பலவீனமுள்ளது" என்று காரணத்தையும் அவரே சொன்னார்.

இனி அந்தச் சகோதரி. பிள்ளைகளைக் காக்கிறவர் கர்த்தர். தாயின் வருகைப் பதிவேட்டைப் பார்த்து அவர் காவல் போடுவதும் எடுப்பதும் கிடையாது. அந்தச் சகோதரி சொன்னதை நீங்கள் ஒரு வேதவாக்கியம் போலச் சுமக்க வேண்டாம். மறுபடி கேட்டால், "நீங்களும் என் பிள்ளைகளுக்காக ஜெபியுங்கள் அக்கா, இதோ பேர்" என்று இரண்டு பேரையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. அக்கறையில் கேட்டிருந்தால் அவருக்கு ஒரு வேலை கிடைக்கும், குத்துவதற்காகக் கேட்டிருந்தால் பேச்சு அங்கேயே நிற்கும். உபவாச ஜெபத்துக்கு வரமுடியாத வாரங்களில் சபையாரிடம் ஷிப்டைக் காரணமாகச் சொல்லிக் கூனிக்குறுக வேண்டிய அவசியமும் இல்லை.

கடைசியாக, நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோனதை நான் கடக்க மாட்டேன். தூக்கம் வருவதில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதை ஆவிக்குரிய வறட்சி என்று எடுத்துக்கொண்டு இன்னும் அதிகமாக ஜெபிக்கப் பார்ப்பீர்கள், முடியாமல்போகும், மறுபடி குற்ற உணர்வு வரும். பகலும் இரவும் மாறி மாறி வேலை செய்கிறவர்களுக்குத் தூக்கம் கெடுவது சகஜம், தூக்கம் கெட்டால் மனசும் கூடவே இறங்கும். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாகவேண்டும் என்று கேட்டபோது, தேவதூதன் அவரை ஜெபத்துக்கு எழுப்பவில்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் வைத்து, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார், தூதன் இரண்டாம் தரம் வந்து எழுப்பியதும் சாப்பிடச் சொல்லத்தான். ஓரேப் மலையில் கர்த்தர் பேசியது அதற்கெல்லாம் பிறகுதான்.

ஆகவே பக்கத்தில் உள்ள அரசாங்கக் கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய் ஒரு டாக்டரைப் பாருங்கள், 1 வெள்ளி (ரிங்கிட்) தான் ஆகும். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருக்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் எப்போதாவது எட்டிப்பார்த்தால், ஷிப்ட் முடியட்டும் என்றுகூடக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது ஷிப்ட் அட்டவணையைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த நேரத்தில் படுக்கிறீர்கள், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று ஒரு வாரத்துக்குக் குறித்து வைத்துக்கொண்டு போனால் டாக்டருக்கும் சுலபம். எழுதுவதற்கு இந்த வருஷத்து நோட்டில் எப்படியும் பக்கம் மிச்சம் இருக்கும்.